பாறையில் ஒரு கிலோமீட்டர்
ஜோத்பூர் பாலைவனப் பூங்காவில் ஒரு காலை நடை

(நம் கிளப் ஹவுஸில் நடந்த மாதாந்திரச் சந்திப்பில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சி பிளாக்குக்குப் பின்னால் உள்ள திறந்தவெளி பற்றிய தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருவதால் உரையை முழுமையாகவே வெளியிடுகிறோம்.)

பயணக் கட்டுரை மாதிரி ஏதாவது பேசுங்கள் என்று கல்சுரல் கமிட்டியில் கேட்டார்கள். பேசப் போவது ஒரு பயணத்தைப் பற்றித்தான். ஆனால் கார்டன் கமிட்டிக்காரர்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதால், கொஞ்சம் அவர்களுக்கும் சேர்த்தே பேசிவிடுகிறேன்.

போன நவம்பரில் ஜோத்பூர் போயிருந்தோம். மருமகனுக்கு அங்கே மாற்றல். ராஜஸ்தான் போகிறோம் என்றதும் நம் லிஃப்டில் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: ஒட்டகச் சவாரி உண்டா? பாலைவனம் என்றால் நமக்கு மணல்மேடும் ஒட்டகமும்தான். ஆனால் தார் பாலைவனம் முழுக்க மணல் கிடையாது. சரளை உண்டு, உப்புத் தரை உண்டு, வெறும் பாறை உண்டு. நான் சொல்லப் போவது அந்தப் பாறையைப் பற்றி.

ஜோத்பூரில் மெஹ்ரான்கர் கோட்டையைப் பார்க்காமல் யாரும் வருவதில்லை. 1459ல் ராவ் ஜோதா என்ற அரசர் தொடங்கிய கோட்டை. ஊர் கீழே நீல நிற வீடுகளோடு பரந்து கிடக்க, அது மட்டும் செங்குத்தான பாறைமேல் நிற்கும். கோட்டையைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் கடைவீதிக்குப் போவார்கள். நாங்கள் அதை ஒட்டியே இருக்கும் ராவ் ஜோதா டெசர்ட் ராக் பார்க்குக்குப் போனோம். பார்க் என்றதும் ஊஞ்சல், சறுக்குமரம் என்று நினைக்க வேண்டாம். சுமார் 70 ஹெக்டேர் பாறை நிலம். கிட்டத்தட்ட 170 ஏக்கர். நம் குடியிருப்பை அதற்குள் பல முறை வைத்து எடுக்கலாம்.

உள்ளே போக ஒரு பழைய நகர வாசல் இருக்கிறது, சிங்கோரியா போல் என்று பெயர். அதைத்தான் பார்வையாளர் மையமாக்கியிருக்கிறார்கள். அங்கே சீட்டு வாங்கிக்கொண்டு வழிகாட்டி வேண்டும் என்று கேட்டோம். நடைபாதைகளுக்கு வண்ண அடையாளம் போட்டிருக்கிறார்கள், தனியாகவும் போகலாம். ஆனால் தனியாகப் போயிருந்தால் ஒரு மணி நேரம் முள்செடிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் வீட்டுக்காரர் முழங்கால் வலியோடு மையத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நானும் மகளும் ஒன்பது வயதுப் பேரனும் கிளம்பினோம். வழிகாட்டி உள்ளூர் இளைஞர். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தூரம், அதற்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு செடியிடமும் நின்று, அது யார், என்ன உறவு என்று அறிமுகப்படுத்திவைத்தார். கல்யாண வீட்டில் மாமா ஒருவர் சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துவாரே, அந்த மாதிரி.

முதலில் காட்டியது செடியை இல்லை, காலடியில் இருந்த பாறையை. கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம், தொட்டால் இரும்பு மாதிரி. ரயோலைட் என்று பெயர். சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த வட்டாரம் முழுவதும் எரிமலைகள் வெடித்து, குழம்பும் சாம்பலும் இறுகி உண்டான பாறை. சில இடங்களில் தூண் தூணாகப் பிளந்து நிற்கிறது. பிற்பாடு அதன்மேல் மணற்கல் படிந்திருக்கிறது. கோட்டைச் சுவர் அந்த இளஞ்சிவப்பு மணற்கல், அஸ்திவாரம் எரிமலைப் பாறை. அந்த இடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்து, பலகை வைத்திருக்கிறது. எனக்கு அங்கே நின்றபோது நம் ஊர் ஞாபகம் வந்தது. நம்மில் பாதிப் பேர் பல்லாவரம் மலையைத் தாண்டித்தான் தினமும் ஆபீஸ் போகிறோம். அந்தச் சார்னோகைட் பாறையும் அதே பட்டியலில் உள்ள தேசிய நினைவுச்சின்னம்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் பல்லாவரத்துப் பாறை வகை, அவர் பெயரைத்தான் உலகம் முழுக்க அந்தப் பாறைக்கு வைத்திருக்கிறார்கள். ஜோத்பூர் பாறையைவிட வயதிலும் மூத்தது. நாம் அதன்மேல் போஸ்டர் ஒட்டுகிறோம்.

சரி, பார்க்குக்கு வருகிறேன். பேரன் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இங்கே மண்ணே இல்லையே, செடி எப்படி வந்தது?" என்று கேட்டான். வழிகாட்டி அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி சிரித்தார்.

இருபது வருடங்களுக்கு முன்பு வரை அந்த 70 ஹெக்டேரிலும் பெரும்பாலும் ஒரே ஒரு செடிதான் இருந்ததாம். அங்கே அதை பாவ்லியா என்கிறார்கள். மார்வாடியில் பைத்தியம் என்று அர்த்தம். நிறுத்தத் தெரியாமல் வளர்வதால் அந்தப் பெயர். அவர் ஒரு கிளையைக் காட்டியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் சீமைக்கருவேலம்! சி பிளாக் பின்னால் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நிற்கிறதே, அதே மரம்.

அதன் சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஜோத்பூரில் 1930களில் மகாராஜா உமைத் சிங் விமானத்திலிருந்தே இதன் விதையைத் தூவினார் என்று அங்கே சொல்வார்கள். அவர் விமானம் ஓட்டுவதில் பிரியம் உள்ளவர், ஆகவே கதை பொருந்தத்தான் செய்கிறது. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. வெறும் பாறை பச்சையாக வேண்டும், ஜனங்களுக்கு விறகு வேண்டும். நம் பக்கத்திலும் விறகுக்காகத்தான் பரவியது. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் இதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைக்கிற குடும்பங்கள் இன்றும் நிறைய. அவர்களிடம் போய் இது விஷ மரம் என்று நான் சொல்ல மாட்டேன். காற்றிலிருக்கும் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதையும் நான் இங்கே எடுக்கப் போவதில்லை. நேரில் பார்த்தது போதும்: அது வந்த இடத்தில் மற்றது வருவதில்லை. ஆடும் மாடும் இலையைத் தொடாது, ஆனால் இனிப்பான காயைத் தின்று, விதையைச் சாணத்தோடு ஊர் முழுக்கப் போட்டுவிடும். இதற்கு மேல் என்ன விளம்பரம் வேண்டும்?

2006ல் கோட்டையை நிர்வகிக்கும் மெஹ்ரான்கர் மியூசியம் டிரஸ்ட், இந்த நிலத்தைப் பழைய மாதிரி ஆக்க முடியுமா என்று பிரதீப் கிருஷன் என்பவரை அழைத்தது. அவர் தாவரவியல் படித்தவர் இல்லை, சினிமா டைரக்டர். 'மாஸ்ஸி சாஹிப்' படம் எடுத்தவர். பிறகு மரங்களின் பக்கம் திரும்பி, டெல்லி மரங்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். ரிட்டயர்மென்டுக்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் டிவி சீரியல் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்கவும். என்னையும் சேர்த்துத்தான்.

முதல் வேலை பாவ்லியாவை எடுப்பது. வெட்டினால் போகாது. தரைக்கு மேலே வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். தளிர் விடும் மொட்டுகள் தரைக்குக் கீழே, வேரும் தண்டும் சேரும் கழுத்துப் பகுதியில் இருக்கின்றன. அதற்கும் கீழே போய் அறுத்தால்தான் மரம் சாகும். மண்ணாக இருந்தால் தோண்டிவிடலாம். இங்கே வேர் இறங்கியிருப்பது பாறை விரிசலில். கோட்டைக்குப் பக்கத்தில் பெரிய இயந்திரத்தைக் கொண்டுபோய் இடிக்கவும் முடியாது.

அப்போது உதவிக்கு வந்தவர்கள் கண்ட்வாலியா என்று சொல்லப்படும் கல் வெட்டும் தொழிலாளர்கள். தலைமுறை தலைமுறையாக ஜோத்பூர் மணற்கல்லை உடைத்தவர்கள். அவர்கள் பாறையைச் சுத்தியால் தட்டி, வரும் சத்தத்தைக் கேட்டே உள்ளே விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே அடித்தால் விடும் என்று சொல்லிவிடுவார்களாம். நம் ஊரில் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதன் பெரிய படிப்பு. உளியும் சுத்தியும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் சுமார் ஒன்றரை அடி ஆழத்துக்குப் பாறையைக் குடைந்து வேரை அறுத்தார்கள். ஒரு மரம், அப்புறம் அடுத்த மரம். இப்படி 70 ஹெக்டேர்! வழிகாட்டி ஒரு பழைய குழியைக் காட்டினார். உளி பட்ட தடம் இன்னும் தெரிகிறது. பேரன் அதில் விரலை வைத்துப் பார்த்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்தது. மரத்தை எடுத்தபின் பாறையில் ஆயிரக்கணக்கான குழிகள். அந்தக் குழிகளையே புதுச் செடி நடும் குழிகளாக வைத்துக்கொண்டார்கள். எங்கே ஒரு வேர் பாறைக்குள் வழி கண்டுபிடித்ததோ, அங்கே இன்னொரு வேரும் போகும் அல்லவா?

எந்தச் செடியை நடுவது? இங்கேதான் கார்டன் கமிட்டி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். "நாட்டு மரம் நடுவோம்" என்று எல்லோரும் சொல்கிறோம். ராஜஸ்தானின் மாநில மரம் கேஜ்ரி. நம் ஊர் வன்னி மரம்தான் அது. விருத்தாசலத்திலும் திருவான்மியூரிலும் தலவிருட்சம், பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்துவைத்த மரம், விஜயதசமிக்குச் சுற்றுகிறோமே, அதே மரம். அந்த மரத்துக்காக 1730ல் ஜோத்பூருக்குப் பக்கத்தில் கேஜர்லி என்ற கிராமத்தில் பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். அரண்மனைக்கு மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்து, அமிர்தா தேவி என்ற பெண் முதலில் மரத்தைக் கட்டிக்கொண்டாராம். இதில் இன்னொரு வேடிக்கை, வன்னியையும் சீமைக்கருவேலத்தையும் தாவரவியல்காரர்கள் நெடுங்காலம் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். ஒன்று வீட்டுப் பிள்ளை, இன்னொன்று சீமையிலிருந்து வந்த ஒன்றுவிட்ட சகோதரன்.

இவ்வளவு பெருமை உள்ள வன்னியை அந்தப் பார்க் முழுக்க நட்டிருக்கலாமே? நடவில்லை. நாங்கள் நடந்த பாதையில் அது அரிதுதான். காரணம் எளிது. வன்னிக்கு வேர் இறங்க ஆழமான மண் வேண்டும், வயலும் மணலும்தான் அதன் இடம். இது பாறை. ஆகவே, தார் பாலைவனத்தில் வேறு எங்கெல்லாம் இதே மாதிரி பாறை இருக்கிறதோ அங்கெல்லாம் போய், மனிதர் கை வைக்காத இடத்தில் தானாக என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்து, அதன் விதையைக் கொண்டுவந்து நர்சரியில் வளர்த்து நட்டார்கள். மாநிலத்துக்கு உரிய மரம் என்பது மட்டும் போதவில்லை. அந்தத் தரைக்கு உரிய செடியாக இருக்க வேண்டியிருந்தது.

அப்படி வந்தவற்றில் சிலரை மட்டும் அறிமுகப்படுத்துகிறேன். தோர் என்று ஒரு கள்ளி. ஆள் உயரத்துக்குப் புதராக, மெழுகுவர்த்திகளை அடுக்கிவைத்த மாதிரி நிற்கும். இதைப் பார்த்து எல்லோரும் கேக்டஸ் என்பார்கள். இல்லை. கேக்டஸ் அமெரிக்கக் கண்டத்துக் குடும்பம், நம் சப்பாத்திக்கள்ளி கூட அங்கிருந்து வந்ததுதான். தோர், நம் சதுரக்கள்ளிக்குச் சொந்தம், ஒடித்தால் பால் வரும். அந்த முள் கோட்டைக்குள் ஆடு வாய் வைக்காது. அதனால் வேறு செடிகளின் விதை அதற்குள் விழுந்தால் தைரியமாக முளைக்கும். ஒரு தோர் புதருக்குள் எட்டிப் பார்த்தோம், உள்ளே இரண்டு மூன்று வேறு செடிகள் குடியிருந்தன. வாடகை இல்லாத வாடகைக்காரர்கள்.

குக்குலு மரத்தை அங்கேதான் முதன்முறையாக நேரில் பார்த்தேன். யோகராஜ குக்குலு என்று மூட்டு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறோமே, அந்தப் பிசின் தரும் மரம். மரம் என்றா சொன்னேன்? முழங்கால் அளவுக்குக் கோணல்மாணலான சுள்ளி. இலையே இல்லை, செத்துப்போனது என்றுதான் நினைத்தேன். வழிகாட்டி காகிதம் மாதிரி உரிந்துகொண்டிருந்த பட்டையின் ஒரு துணுக்கை விலக்கிக் காட்டினார். அடியில் பச்சை! இலை இல்லாத காலத்தில் தண்டே சூரிய ஒளியில் உணவு தயாரித்துக்கொள்கிறது. மழை வந்தால் இலை விடும். பிசினுக்காகக் கண்டபடி கீறிக் கீறி, இன்று அது அழியும் நிலையில் இருக்கும் இனம். கீழே மையத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரின் பையில் அந்த மாத்திரை டப்பா இருந்தது.

கேர் என்று இன்னொன்று. அதற்கும் இலை கிடையாது என்றே சொல்லலாம், பச்சைக் குச்சிகள் மட்டும். அதன் சின்னக் காயும் வன்னி மரத்தின் நெற்றும் சேர்ந்ததுதான் கேர் சாங்ரி. ராஜஸ்தானிச் சாப்பாட்டுக் கடைகளில் கிலோ என்ன விலை என்று கேட்டால் மயக்கம் வரும். பஞ்ச காலத்தில் ஏழைகள் பறித்துத் தின்றது. அப்புறம் நம் எருக்கு. அங்கே சின்ன எருக்கு வகை, ஆக் என்கிறார்கள். விநாயகர் சதுர்த்தி தவிர நாம் திரும்பிப் பார்க்காத செடி. இலையில் மெழுகு பூசிய மாதிரி இருப்பது எதற்கு என்று அன்றைக்குத்தான் பேரனுக்குச் சொல்ல முடிந்தது: உள்ளே இருக்கும் தண்ணீர் வெயிலில் போகாமலிருக்க.

தண்ணீர் என்றதும் ஒரு கணக்கு. ஜோத்பூரில் வருடத்துக்குச் சுமார் 360 மில்லிமீட்டர் மழை, அதுவும் பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பருக்குள். சென்னைக்குக் கிட்டத்தட்ட 1,400. நான்கு மடங்கு. அவர்களுடைய பழைய ஆட்கள் அந்த 360ஐ வீணாக்கவில்லை. பாதை ஒரு இடத்தில் இறங்கிப் பள்ளத்துக்குள் போகிறது. இருபுறமும் பாறைச் சுவர். இயற்கைப் பள்ளம் என்று நினைத்தேன், இல்லையாம். ஹாத்தி நஹர் என்று பெயர், பல நூற்றாண்டுகளுக்கு முன் கையால் வெட்டிய கால்வாய். பாறைமேல் விழுகிற மழையைத் திரட்டிக் கோட்டையடியில் இருக்கும் குளத்துக்குக் கொண்டுபோக வெட்டியிருக்கிறார்கள். பாறையை வெட்டித் தண்ணீர் சேர்த்த அதே ஊரில், போர்வெல்லும் லாரியும் இல்லாமல் ஒரு கோட்டைக்குக் குடிநீர் இருந்திருக்கிறது. நாம் 1,400 மில்லிமீட்டரை ரோட்டில் விட்டுவிட்டு மே மாதத்தில் லாரிக்கு டோக்கன் போடுகிறோம். இதற்குமேல் சொன்னால் தண்ணீர்க் கமிட்டி கோபித்துக்கொள்ளும்.

கொஞ்சம் நடைமுறைத் தகவல். பார்க் 2011ல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். போகிறவர்கள் காலையில் திறந்ததும் போய்விடுங்கள், நவம்பரிலேயே பத்து மணிக்கு மேல் பாறை சுடுகிறது. செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ. ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர். ஏற்ற இறக்கமும் கரடுமுரடான படிகளும் உண்டு, கைப்பிடி எல்லா இடத்திலும் இல்லை. முழங்கால் தகராறு உள்ளவர்கள் மையத்தையும் நர்சரியையும் பார்த்தாலே போதும், என் வீட்டுக்காரர் அதற்கே சந்தோஷப்பட்டார். பச்சையாகப் பார்க்க வேண்டுமானால் ஆகஸ்ட், செப்டம்பர். ரயிலில் போகிறவர்களுக்கு, மன்னார்குடியிலிருந்து சென்னை வழியாக பகத் கி கோட்டி போகும் ரயில் இருக்கிறது. பகத் கி கோட்டி ஜோத்பூரிலேயே உள்ள ஸ்டேஷன்.

இப்போது சி பிளாக் பின்னால்.

அந்த அரை ஏக்கர் சுமாருக்கு மூன்று கொட்டேஷன் வாங்கியிருக்கிறார்கள். மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான்: ஜேசிபி வைத்து எல்லாவற்றையும் வழித்துவிட்டு, வெளியிலிருந்து மண் கொட்டி, புல்தரை போட்டு, ஓரத்தில் அலங்காரப் பனை வைத்து, ஸ்பிரிங்க்ளர் அமைப்பது. படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. சீனியர் சிட்டிசன்கள் நடக்க இடம் வேண்டும், குழந்தைகள் பார்க்கிங்கில் விளையாடாமல் இருக்க வேண்டும் என்கிற நோக்கமும் நூற்றுக்கு நூறு சரி. எனக்கும் அந்த இடம் வேண்டும். தினமும் லிஃப்ட் ஓரத்தில் நடந்து எனக்கு அலுத்துவிட்டது.

ஆனால் ஜேசிபி வழித்த நிலத்தில் என்ன வரும் என்று யோசியுங்கள். மண்ணுக்குள் ஏற்கெனவே கிடக்கும் சீமைக்கருவேல விதைகளுக்கு அதைவிட வசதி கிடையாது. கழுத்து அறுபடாத வேர் ஒவ்வொன்றும் புல்லுக்குள்ளிருந்து திரும்ப எழும். வருடா வருடம் அதற்கு ஆள், மருந்து. புல்லுக்குத் தண்ணீர் தனி. குடிக்கவே லாரி வாங்கும் மாதங்களில் புல்லுக்கு எங்கே போவோம்? எஸ்டிபி தண்ணீர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அது இப்போது இருக்கும் முன்பக்கத் தோட்டத்துக்கே கோடையில் போதவில்லை என்று நம் தோட்டக்காரர் சொல்கிறார். அவரிடம் யாராவது கேட்டோமா?

இரண்டு வாரமாக நான் காலையில் அங்கே போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கருவேலம் நெருக்கமாக இருப்பது சுவர் ஓரத்தில்தான். நடுவில் சரளை மேட்டில் ஆவாரஞ்செடி இருக்கிறது, பூத்திருக்கிறது. நுணா ஒன்று தானாக வந்து தோள் உயரம் நிற்கிறது. காரைமுள், களாச்செடி இருக்கின்றன. பறவை போட்ட விதையாக இருக்கும். ஜேசிபிக்கு ஆவாரம் எது, கருவேலம் எது என்று தெரியாது. அந்த மேட்டில் ஒரு அடி தோண்டினால் பாறை, போர்வெல் போட்டபோது இருந்தவர்களுக்குத் தெரியும். அங்கே வேப்பங்கன்றும் மாங்கன்றும் நட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். அதே பாறையில் தானாக என்ன வளர்கிறது என்று பார்க்க நாம் தார் பாலைவனம் முழுக்க அலைய வேண்டியதில்லை. பக்கத்திலேயே நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது, இதே பாறை, இதே மழை.

நான் கேட்பது இவ்வளவுதான். ஜேசிபி ஆர்டரை இப்போதைக்கு நிறுத்துங்கள். கோடையில் ஆள் வைத்து, கடப்பாரையால், கருவேலத்தை மட்டும் வேர்க்கழுத்துக்குக் கீழே அறுத்து எடுக்கலாம். கூலி அதிகம் ஆகும், நாட்களும் அதிகம் ஆகும், அதை மறைக்கவில்லை. புல்தரைக்கும் பனைக்கும் வைத்த பணத்தில் அது அடங்கும் என்று நினைக்கிறேன். ட்ரெஷரர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். எடுத்த குழிகளிலேயே ஐப்பசி மழைக்கு முன் விராலி, வெப்பாலை, நொச்சி, களா மாதிரி அந்த மேட்டுக்கு உரியதை நடலாம். முதல் ஒன்றிரண்டு வருடம் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். நடுவில் ஆறடி அகலத்துக்கு மண் பாதை, இரண்டு மூன்று பெஞ்ச்.

இரண்டு ஆட்சேபணைகள் இப்போதே காதில் விழுகின்றன. ஒன்று பாம்பு. சரியான பயம்தான், சிரிக்க வேண்டாம். பாம்பு வருவது எலிக்காக, எலி வருவது அங்கே நாம் கொட்டியிருக்கும் உடைந்த டைல்ஸுக்கும் குப்பைக்கும். அந்தக் குவியலை எடுக்காமல் புல்தரை போட்டாலும் பாம்பு வரும். பாதையை அகலமாக, ஓரத்தில் புதர் சாயாமல் வைத்து, விளக்கும் போட்டால் போதும். இன்னொன்று அழகு. மே மாதத்தில் அந்த இடம் பழுப்பாக, காய்ந்து கிடக்கும். ஆமாம், கிடக்கும். வருடம் முழுவதும் பச்சை வேண்டும் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, அவர்கள் புல்லுக்கே ஓட்டுப் போடட்டும். ஆனால் அந்தப் பணத்தோடு தண்ணீர்க் கணக்கையும் சேர்த்து நோட்டீஸில் போட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பொதுக்குழுவுக்கு முன்னால் வருகிற இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் காலை 6.30க்குப் பம்ப் ரூம் பக்கத்தில் நிற்பேன். தோட்டக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், செடிகளின் பெயர் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அரை மணி நேர நடைதான். குழந்தைகளை அழைத்து வாருங்கள், ஷூ கட்டாயம். ஆவாரம்பூவை யாரும் பறிக்க வேண்டாம், எண்ணிக்கொண்டிருக்கிறோம்.